யாழினிக்கு ஆங்கிலத்தில் எத்தனை எழுத்து? இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது

வெள்ளவத்தை அப்பா
திங்கள், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். முதல் பிள்ளை, மகள். பிறந்து இன்றைக்கு 33 நாள். சனிக்கிழமை முப்பத்தொன்றாம் நாள் சடங்கு செய்து துடக்குக் கழித்தாயிற்று. வந்த சனம் போய், வாழையிலை வாடி, வீடு அமைதியான பிறகுதான் சண்டை தொடங்கியது.

பெயரில் சண்டை இல்லை. நட்சத்திரம் கேட்டை, இரண்டாம் பாதம். ஐயர் ‘யா’வில் வைக்கச் சொன்னார். கேட்டை என்றதும் மாமிக்கு முகம் கறுத்தது, மூத்தாருக்கு ஆகாதாம். யாழினி என்று சொன்னதும் வெளுத்துவிட்டது. அந்தக் கதை அத்தோடு முடிந்தது.

சண்டை படிவத்தில். பதிவாளரிடம் கொடுக்கிற படிவத்தில் பிள்ளையின் பெயரை முதலில் தமிழில் எழுத வேண்டும், பிறகு ஆங்கிலப் பெரிய எழுத்தில். தமிழ்ப் பெயரை மனைவி இரண்டு விநாடியில் எழுதிவிட்டாள். ஆங்கிலக் கட்டம் இரண்டு நாளாக வெறுமையாகக் கிடக்கிறது. எங்களிடம் இருப்பவை:

அ) வை-ஏ-எல்-ஐ-என்-ஐ
ஆ) வை-ஏ-ஏ-எல்-ஐ-என்-ஐ
இ) வை-ஏ-ஆர்-எல்-ஐ-என்-ஐ
ஈ) வை-ஏ-இசட்-எச்-ஐ-என்-ஐ

நான் ‘இ’. என் அப்பாவின் ஊர் யாழ்ப்பாணம், அங்கே ‘யாழ்’ என்று ஆங்கிலத்தில் எழுதுகிற பாதிப் பலகைகளில் அந்த ஆர் இருக்கிறது. மனைவி ‘ஈ’. ழ இல்லாவிட்டால் அது யாழினியே இல்லை என்கிறாள். மாமி எங்கேயோ எண் பார்த்துவிட்டு ‘ஆ’ மட்டும் கூடாது என்கிறா. ‘அ’வுக்கு இதுவரை ஆள் இல்லை.

நாற்பத்திரண்டு நாளுக்குள் பதிய வேண்டும். யாராவது தீர்ப்புச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா
திங்கள், இரவு 11.05

முதலில் வாழ்த்து தம்பி. தங்கச்சியை நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள், பத்தியச் சரக்குக் கறி நிறுத்த வேண்டாம்.

தீர்ப்பு எனக்குத் தெரியாது, அனுபவம் தெரியும். என் தம்பியின் பெயரில் ஒரு ‘த’ இருக்கிறது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அது டி-எச். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று எழுதிய ஆள் எச்சை விட்டுவிட்டார். சாதாரண தரச் சான்றிதழ் எச் இல்லாமலே வந்தது. அடையாள அட்டையில் எச் இருந்தது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போக விண்ணப்பித்தபோது அந்த ஒரு எச்சுக்காக, இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடித்தோம். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். ஒவ்வோர் இடத்திலும் புதிதாகக் கேட்டார்கள்.

எந்த எழுத்தென்றாலும் எழுதுங்கள், அது எல்லாக் கடதாசியிலும் ஒன்றாக இருக்கட்டும். அப்புறம், படிவத்தைக் கொடுக்கும்போது மாமா, சித்தப்பா என்று யாரையும் அனுப்பாமல் நீங்களே போங்கள்.

ரொறன்ரோ சித்தி
செவ்வாய், காலை 6.12

இங்கே எங்களுக்கு ஒரு யாழினி இருக்கிறாள், அக்காவின் மகள். ஆர் போட்ட யாழினி. வகுப்பில் எல்லா ரீச்சரும் ‘யார்ர்லினி’ என்று ஆரை உருட்டித்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வந்து, “சித்தி, நான் யார்?” என்று தமிழில் கேட்டுச் சிரிப்பாள். இப்போது அவளே தன் பெயரை ஆரோடுதான் சொல்கிறாள், பழகிவிட்டது.

நான் ஆருக்கு எதிர் இல்லை. அது உள்ளே இருந்தால் கனடாவில் வாயால் சொல்லப்படும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

தமிழ் ரீச்சர்
செவ்வாய், பிற்பகல் 2.30

இடைவேளையில் எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ழ-வுக்கு ஆங்கிலத்தில் எழுத்து இல்லை. இதை முதலில் ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி ‘எல்’லுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து ழ என்றது. இந்திய மொழி எழுத்துகளை ரோமன் எழுத்தில் எழுத 2001இல் வந்த ஐ.எஸ்.ஓ. 15919 தரமும் அதே கோட்டைத்தான் இழுக்கிறது. படித்தவர்கள் கட்டுரையில் போடலாம். பிறப்புப் பதிவில் கோடு போட முடியாது. கோட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் எல்.

இசட்-எச் தமிழ்நாட்டு வழக்கம். அங்கே கனிமொழிக்கும் தேன்மொழிக்கும் எல்லோரும் அப்படியே எழுதுகிறார்கள், எல்லோருக்கும் விளங்குகிறது. இங்கே நாம் எல் போட்டுப் பழகியவர்கள். ‘தமிழ்’ என்ற சொல்லையே உலகம் முழுக்க எல் போட்டுத்தான் எழுதுகிறோம். யாழ்தேவி ரயில் 1956இல் ஓடத் தொடங்கியது, அதன் ஆங்கிலப் பெயரில் ‘யாழ்’ என்பதற்கும் ஒரு வை, ஒரு ஏ, ஒரு எல் அவ்வளவுதான். அது எந்த ஸ்டேசனிலும் பெயர் விளங்காமல் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆர் எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரிந்து இரண்டு விளக்கம் சொல்வார்கள். பிரித்தானிய உச்சரிப்பில் ஏ-க்குப் பின்னால் வருகிற ஆர் வாயில் வராது, முன்னால் உள்ள ஏ-யை நெடிலாக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். லண்டன்காரர் ‘கார்’ என்பதைக் ‘கா’ என்றுதானே சொல்கிறார். அந்தக் கணக்கில் ஏ-ஆர் என்றால் ‘ஆ’. நமக்கு ஆங்கிலம் சொல்லித்தந்தவர்கள் பிரித்தானியர், அதனால் அப்படி எழுதினோம் என்பது ஒன்று. மற்றது, நாக்கை மடித்துச் சொல்கிற ழ, வட அமெரிக்கர் சொல்கிற ஆருக்குக் கிட்ட நிற்கிறது, அதைக் காட்டத்தான் ஆர்-எல் என்பது. இரண்டாவது சரியென்றால் ரொறன்ரோ ரீச்சர்மார்தான் உங்கள் எல்லோரையும்விட ழ-வுக்குக் கிட்டப் போயிருக்கிறார்கள்!

ஏனென்றால், கோபப்படாதீர்கள், நம்மில் எத்தனை பேர் ழ சொல்கிறோம்? என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ‘வாழைப்பழம்’ என்று எழுதும்போது சரியாக எழுதுவார்கள். வாசிக்கச் சொன்னால் இருபது பேராவது ‘வாளைப்பளம்’தான். வீட்டில் யாழினியை நீங்களே ‘யாளினி’ என்று கூப்பிடுகிறீர்களா என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்.

எண் பார்க்கிறவன்
செவ்வாய், மாலை 5.15

மாமி சொன்னது சரி. வை, ஏ, ஐ மூன்றுக்கும் ஒன்று. எல் மூன்று. என் ஐந்து. ‘அ’வைக் கூட்டினால் 12, அதாவது 3. ‘ஆ’வில் ஒரு ஏ கூடுகிறது, 13, அதாவது 4. பதின்மூன்றை யார் வைப்பார்கள்? ‘இ’யில் ஆருக்கு 2 சேர்ந்து 14, கூட்டு எண் 5. ‘ஈ’யில் இசட் 7, எச் 5, எல்லாம் சேர்த்து 21, கூட்டு எண் 3. என்னைக் கேட்டால் 21 நல்ல எண். தங்கச்சியின் தெரிவுக்கே என் வாக்கு.

கணக்குப் பிள்ளை
செவ்வாய், மாலை 5.50

அண்ணா, நீங்கள் போட்டது கல்தேய முறை. பிதாகரஸ் முறையும் கடையில் விற்கிறது. அதில் ஏ ஒன்று, பி இரண்டு என்று ஒன்பது வரை போய்த் திரும்பவும் ஒன்றில் தொடங்கும். வை 7, ஐ 9. அதன்படி ‘அ’ 34, கூட்டு எண் 7. ‘ஈ’ 47, அதைக் கூட்டினால் 11, அதையும் கூட்டினால் 2. உங்கள் 21 எங்கே போனது?

இன்னொன்று. உங்கள் முறையில் வைக்கும் ஐ-க்கும் ஒரே மதிப்பு. வசந்தி, ராஜேஸ்வரி, பரமேஸ்வரி என்று நம் பெரியம்மாமார் எல்லோரும் கடைசியில் வை போட்டுத்தான் கையெழுத்து வைத்தார்கள், பிறகு ஐ வந்தது. கடைசி எழுத்தை மாற்றினாலும் கிரகத்துக்குத் தெரியாது என்றால் நடுவில் மாற்றினால் மட்டும் எப்படித் தெரிகிறது?

எண் பார்க்கிறவன்
செவ்வாய், மாலை 6.02

நம்பிக்கை இல்லாதவருக்கு விளக்க முடியாது தம்பி. ஆனால் உங்கள் முறையில் ‘ஆ’வைக் கூட்டிப் பாருங்கள்.

கணக்குப் பிள்ளை
செவ்வாய், மாலை 6.04

35. கூட்டு எண் 8.

சரி, அது தற்செயல்.

வெள்ளவத்தை அப்பா
செவ்வாய், இரவு 9.30

இதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். எட்டு என்றதும் “நான் சொன்னேன்தானே” என்று தேத்தண்ணி போடப் போய்விட்டா. இரண்டு ஏ இன்றோடு வீட்டை விட்டு வெளியேறியது. எனக்கு எண்ணில் நம்பிக்கை கிடையாது. ஆனால் மகளுக்குக் காய்ச்சல் வருகிற ஒவ்வொரு முறையும் அந்தப் பதின்மூன்றை மாமியின் வாயால் கேட்க எனக்குத் தெம்பும் கிடையாது.

தெமட்டகொடை உம்மா
செவ்வாய், இரவு 9.48

இந்தக் கூத்து உங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் பாத்திமா நாலு பேர். மூத்தவளுக்கு டி-எச், இரண்டாவதுக்கு வெறும் டி, மூன்றாவதுக்கு எஃப்-க்குப் பிறகு இரண்டு ஏ. நாலாவது மகள் பிறந்தபோது வாப்பா, “மூத்தவளின் பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுது” என்று சொல்லிவிட்டார். அதனால் முதலும் கடைசியும் ஒரே மாதிரி. இலங்கையில் ‘த’ என்றால் டி-எச், ‘ட’ என்றால் டி. சிங்களவரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் டோஹாவில் இருக்கிற மச்சான் டி-எச்சைப் பார்த்தால் அரபியில் வேறு எழுத்து நினைவு வருகிறது என்று குறை சொல்கிறார். ஊரில் இருக்கிறவருக்காக எழுதுவதா, வெளியில் இருக்கிறவருக்காக எழுதுவதா என்பதுதான் கேள்வி. நான் ஊருக்காக எழுதினேன்.

பேர்ண் மாமா
செவ்வாய், இரவு 11.20

சுவிஸில் இருந்து ஒரு வரி. இங்கே ஜெர்மன் மொழிக்காரருக்கு இசட் என்றால் ‘ட்ஸ்’. உங்கள் ‘ஈ’யை ‘யாட்ஸ்ஹினி’ என்று வாசிப்பார்கள். பிள்ளை பாவம்.

வெள்ளவத்தை அப்பா
புதன், பகல் 12.15

கணக்கு அவருடையது, எழுதுவது நான், பிள்ளையின் அம்மா. அவர் வேலைக்குப் போய்விட்டார், பிள்ளை நித்திரை, பத்து நிமிடம் இருக்கிறது.

எல்லோரும் வெளிநாட்டில் எப்படி வாசிப்பார்கள் என்று கவலைப்படுகிறீர்கள். என் பிள்ளை வெளிநாட்டுக்குப் போகிறாள் என்று யார் முடிவு பண்ணியது? அவளுக்கு 35 நாள். இப்போதைக்கு அவள் போன தூரம் தெஹிவளை வரைக்கும்தான், தடுப்பூசி போட.

எனக்கு இசட்-எச் பிடித்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கைபேசியில் தமிழ் தட்டும்போது எல் போட்டால் ல வருகிறது, பெரிய எல் போட்டால் ள வருகிறது, இசட்-எச் போட்டால்தான் ழ வருகிறது. பிள்ளை வயிற்றில் இருந்த ஒன்பது மாதமும் அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் அந்தப் பெயரை அப்படித்தான் தட்டித் தட்டி அனுப்பினேன். என் விரலுக்கு அவள் இசட்-எச்சோடுதான் பழக்கம்.

ரீச்சர் சொன்னதைக் கேட்டுவிட்டுக் காலையில் கவனித்தேன். அம்மாவும் நானும் ‘யாளினி’. இவர் ‘யாலினி’. ஐயர் ஒருவர்தான் முப்பத்தொன்றில் ழ சொன்னார். வெட்கமாக இருக்கிறது. இன்றைக்குக் கண்ணாடி முன் நின்று நாக்கை மடித்துப் பழகுகிறேன்.

சும்மா வாசிப்பவன்
புதன், பிற்பகல் 1.10

காலி வீதியில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் வெள்ளவத்தையையே ஆங்கிலத்தில் ஈ-யில் முடிகிற பலகையும் ஏ-யில் முடிகிற பலகையும் பக்கத்தில் பக்கத்தில் காணலாம். ஊர் அதற்காக இரண்டாகவில்லை.

உச்சரிப்புப்படியே எழுத வேண்டும் என்று அடம் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டது. வேலூர் வீலூர் மாதிரி ஆகிவிட்டது என்று சனம் சிரித்தது. அந்த மாதமே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். ஓர் அரசாங்கத்தாலேயே முடியவில்லை, நீங்கள் இரண்டு பேர்.

வெள்ளவத்தை அப்பா
வியாழன், மாலை 7.20

இது நான்தான், அப்பா. இன்றைக்கு ஒரு சோதனை செய்தேன். நாலு எழுத்தையும் ஒரு கலண்டர் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதி, ஒன்றும் சொல்லாமல், கொள்ளுப்பிட்டியில் எங்கள் அலுவலகத்தில் ஆறு பேரிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

பக்கத்து மேசைச் சிங்கள அக்கா ‘அ’வை ‘யாலினி’ என்று உடனே வாசித்தா. ‘ஆ’வைக் கொஞ்சம் இழுத்து வாசித்தா. ‘இ’யில் ஆரைத் தெளிவாகச் சொன்னா, ‘யார்லினி’. ‘ஈ’யைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது முஸ்லிம் பெயரா என்று கேட்டா. யாழினி என்று சொன்னதும், “அப்போ நான் யாலு என்று கூப்பிடுவேன்” என்றா. சிங்களத்தில் யாலு என்றால் சிநேகிதம். அது எனக்குத் தோன்றவே இல்லை. நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஹட்டன் பக்கத்துப் பொடியன் ஒருவன், கணக்குப் பிரிவு, ‘ஈ’யை அச்சாகச் சரியாக வாசித்தான், ழ-வோடு. தமிழ்நாட்டுப் படங்கள் பார்த்துப் பழக்கமாம். ஆறு பேரில் அவன் ஒருவன்தான்.

வாசலில் நிற்கிற பாதுகாப்பு மாமா நாலையும் பொறுமையாகப் பார்த்து, நாலையும் ‘யாலினி’ என்றே வாசித்தார். பிறகு, “எல்லாம் ஒன்றுதானே, ஏன் நாலு தரம் எழுதியிருக்கிறீர்கள்?” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் லண்டனில் இருக்கிற அண்ணாவைக் கூப்பிட்டேன். அவருடைய மகன் ‘இ’யை ரீச்சர் சொன்ன மாதிரியே ஆர் இல்லாமல் ‘யாலினி’ என்றான், ‘அ’வை ‘யலீனி’ என்றான். ஆக, எனக்குப் பிடித்த ஆர் லண்டனில் மட்டும் வேலை செய்கிறது. நான் இருப்பது வெள்ளவத்தையில்.

ஒரு எழில்
வெள்ளி, காலை 9.05

இந்த இழையை நாலு நாளாக வாசிக்கிறேன். எல்லோரும் ஆங்கிலக் கட்டத்திலேயே நிற்கிறீர்கள். தயவுசெய்து மேலே உள்ள கட்டத்தைப் பாருங்கள்.

என் பெயர் எழில். பிறந்தது கொழும்பில். அப்பா படிவத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தாராம். பதிவாளருக்குத் தமிழ் வராது, சிங்களத்தில் பதிந்துகொண்டார். அப்பா அந்தக் காலத்து மனுசன், அரசாங்கக் கடதாசியில் கேள்வி கேட்க மாட்டார். சிங்களத்தில் ழ இல்லை. ல போட்டு எழுதிவிட்டார். என் பிறப்புப் பத்திரத்தில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை.

பதினெட்டு வயதில் ஒரு தேவைக்கு அதைத் தமிழில் மொழிபெயர்க்க வேண்டி வந்தது. மொழிபெயர்ப்பாளர் தன் வேலையைச் சரியாகச் செய்தார், சிங்களத்தில் இருந்ததை அப்படியே தமிழில் எழுதினார். நான் ‘எலில்’ ஆனேன். முத்திரை குத்திய, கையெழுத்து வைத்த ‘எலில்’. கூட்டாளிகள் இன்றைக்கும் எலி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆங்கிலத்தில் எல்லா, இசட்-எச்சா என்பது எனக்கு ஒரு நாளும் பிரச்சினையாக வரவில்லை. தமிழில் ழ தொலைந்ததுதான் வந்தது. யாழினி அப்படிப் போனால் ‘யாலினி’ என்று திரும்பி வருவாள், அதற்கு ஓர் அர்த்தமும் இல்லை.

கொட்டாஞ்சேனை அக்கா
வெள்ளி, காலை 9.20

ஐயோ, இதை யோசிக்கவே இல்லையே.

புதுக்கடை
வெள்ளி, பகல் 11.40

முப்பது வருடம் சட்டத்தரணிமாரிடம் எழுதுவினைஞராக இருந்தவன். எழில் சொன்னது போல நிறையப் பார்த்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி. அடுத்த வருடம் பதினாறாம் திருத்தம் வந்து, எந்த எந்த அலுவலில் எந்த மொழி என்பதை விரித்துச் சொன்னது. கொழும்பும் திம்பிரிகஸ்யாயவும் இருமொழிப் பிரதேச செயலகப் பிரிவுகள். வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாயவுக்குள் வருகிறது. ஆகவே தமிழில் பதியுங்கள் என்று கேட்பது பிச்சை கேட்பது இல்லை. ஆனால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். கேட்காதவருக்கு இருக்கிற ஆளுக்கு வசதியான மொழியில் நடக்கும்.

இன்னொரு விசயம், பிள்ளை பிறந்த இடத்துக்குரிய பதிவாளரிடம்தான் பதிய வேண்டும், நீங்கள் குடியிருக்கிற இடத்துக்கு உரியவரிடம் இல்லை. வைத்தியசாலை எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள். அங்கே தமிழ் தெரிந்தவர் எந்த நாள் இருப்பார் என்று முதலே விசாரியுங்கள்.

இப்போது வருகிற அடையாள அட்டையில், 2017 முடிவில் தொடங்கிய அந்தப் புதிய அட்டையில், பெயர் மூன்று மொழியிலும் இருக்கும். பதினைந்து வயதில் விண்ணப்பிக்கும்போது பிறப்புப் பத்திரத்தைத்தான் வைத்துப் பார்ப்பார்கள். இன்றைக்கு விடுகிற பிழை அன்றைக்கு அட்டையில் ஏறும். பிழையைப் பிறகு திருத்த வழி உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அலைய வேண்டும்.

ஆங்கில எழுத்துக்கு ஒரு சின்னக் குறிப்பு. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கிற இரண்டு வரி இருக்கிறதே, அதில் முழுப் பெயருக்கும் சேர்த்து 39 இடம்தான். அப்பாவின் பெயர் சிவசுப்பிரமணியம் மாதிரி நீளமாக இருந்து, தாத்தாவின் பெயரையும் முன்னால் வைத்தால், பிள்ளையின் பெயரில் ஒவ்வோர் எழுத்தும் நெருக்கும்.

வெள்ளவத்தை அப்பா
வெள்ளி, இரவு 10.10

புதுக்கடை ஐயா, என் பெயர் அவ்வளவு நீளம் இல்லை, ஆனால் கிட்ட வருகிறது.

எழில் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். வாசித்து முடிக்க முன்னமே படிவத்தை எடுத்துத் தான் எழுதிய தமிழ்ப் பெயரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “ழ தமிழில் இருக்கட்டும். அங்கே இருந்தால் போதும். ஆங்கிலத்தில் தெரிந்த ஆளுக்கு எப்படியும் தெரியும், தெரியாத ஆளுக்கு இசட்-எச் போட்டும் தெரியாது.”

நான் ஆரை விட்டேன். எங்கள் அலுவலகத்திலேயே வேலை செய்யாத எழுத்தை வைத்து என்ன செய்வது? ‘அ’. ஆறு எழுத்து. ஆள் இல்லாமல் நின்றதுதான் வென்றது. மாமிக்கு 12 சம்மதம், கணக்குப் பிள்ளையின் 7ஐயும் காட்டினேன், அதுவும் சம்மதம். லண்டன் அண்ணாவின் மகனுக்கு ‘யலீனி’ இல்லை என்று தொலைபேசியில் ஒரு தரம் சொல்லிக் கொடுத்தால் முடிந்தது.

திங்கட்கிழமை போகிறோம். நாற்பதாம் நாள்.

தமிழ் ரீச்சர்
சனி, காலை 8.00

குழலையும் யாழையும் கேட்டவர்களிடம் வள்ளுவர் மழலைக்குத்தான் வாக்குப் போட்டார். உங்கள் வீட்டில் யாழும் மழலையும் ஒன்றாகவே இருக்கிறது. வாழ்த்துகள். தங்கச்சி, நாக்குப் பயிற்சி எப்படிப் போகிறது?

வெள்ளவத்தை அப்பா
சனி, காலை 10.35

(அம்மா) மடிகிறது ரீச்சர், ஆனால் அவசரத்தில் கூப்பிடும்போது திரும்பவும் ள ஆகிவிடுகிறது. பால் கக்கினால் யாருக்கு ழ வரும்?

வெள்ளவத்தை அப்பா
திங்கள், பிற்பகல் 3.50

பதிந்தாயிற்று. நடந்ததைச் சொல்ல வேண்டும்.

புதுக்கடை ஐயா சொன்னபடி முதலே விசாரித்து, தமிழ் தெரிந்தவர் இருக்கிற நேரத்துக்குப் போனோம். வயதான மனிதர், மூக்குக் கண்ணாடி நுனியில். நல்லவர், பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். தமிழில் பதிய வேண்டும் என்றோம். “ஓம், ஓம், அதற்கென்ன” என்றார். படிவத்தைப் பார்த்து, மெதுவாக, வாயால் சொல்லிச் சொல்லி எழுதினார். எழுத்து அச்சு மாதிரி. அப்பா பெயர் சரி, அம்மா பெயர் சரி, திகதி சரி. ஆங்கிலம் ஆறு எழுத்தும் சரி, ஒவ்வொன்றாக எங்களிடம் கேட்டுத்தான் எழுதினார்.

கையெழுத்து வைக்க என்னிடம் நீட்டினார். நான் பேனையைத் திறந்துவிட்டேன். மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

‘யாளினி’.

அவர் பிழை விட நினைத்து விடவில்லை. வாயில் வந்தது கையில் வந்துவிட்டது, எங்கள் வீட்டில் வருகிற மாதிரியே. மனைவி ஒன்றும் சத்தம் போடவில்லை. ஒரு துண்டுக் கடதாசி கேட்டு வாங்கி, அதில் பெரிதாக ஒரு ழ எழுதி அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். “அடடா, யாழ்ப்பாணத்து ழானா” என்றார். பிறகு அந்தத் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முறைப்படி திருத்தி எழுதினார். இந்த முறை எழுத்தை நிறுத்தி நிறுத்தி, ழ-வின் கீழ்ச் சுழியை இரண்டு தரம் பார்த்து முடித்தார்.

ஒரு கிழமை ஆங்கிலத்துக்குச் சண்டை பிடித்தோம். எழில், உங்கள் பதிவு இல்லாவிட்டால் நான் கையெழுத்து வைத்திருப்பேன்.

ஒரு எழில்
திங்கள், மாலை 4.15

வாசித்துவிட்டு அலுவலகத்தில் தனியே சிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் துண்டுக் கடதாசியை எறிந்துவிட வேண்டாம் அக்கா.

வெள்ளவத்தை அப்பா
திங்கள், மாலை 4.40

எறியவில்லை. அவர் அதைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார், எங்களுக்குத் தரவில்லை.

கொட்டாஞ்சேனை அக்கா
திங்கள், இரவு 8.30

சந்தோசம் தம்பி. பத்திரத்தில் எத்தனை பிரதி எடுக்கப் போகிறீர்கள்?

வெள்ளவத்தை அப்பா
திங்கள், இரவு 8.41

ஐந்து.

கொட்டாஞ்சேனை அக்கா
திங்கள், இரவு 8.42

பத்து எடுங்கள்.